விமான நிலையக் காத்திருப்பில் போக்கிமான் கோ: செட்டிநாட்டுப் பயணிகளுக்கான கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோருக்குத் திருச்சிதான் வாசல். சிலருக்கு மதுரை, சிலருக்குச் சென்னை. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறதே தவிர, பயணிகள் விமானம் கிடையாது. எனவே வண்டி பிடித்து, மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் இடம் சார்ந்த விளையாட்டுகளை எப்படி ஆடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. பெரும்பகுதி, போன் வரைபடத்தில் தோன்றும் போக்கிமான் என்ற கற்பனை உயிரிகளை நிஜ இடங்களுக்குப் போய்ப் பிடிக்கும் போக்கிமான் கோ பற்றியது. எங்கள் முடிவு இதுதான்: விமான நிலையத்தில் ஸ்டாப் சுற்றுங்கள், பிடியுங்கள், கிஃப்ட் சேருங்கள், ஜிம்மையும் ரெய்டையும் ஊருக்கு விட்டுவிடுங்கள். (ஸ்டாப் என்பது நிஜ இடங்களில் இருக்கும், திரையில் சுற்றினால் பொருள் தரும் புள்ளி; கிஃப்ட் நண்பருக்கு அனுப்பும் பரிசு; ஜிம் போக்கிமானைக் காவல் நிறுத்தும் இடம்; ரெய்டு அங்கே வரும் வலிய போக்கிமானோடு போடும் சண்டை.)

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே என்ன செய்துகொள்ள வேண்டும்?

முக்கால்வாசி வேலை வீட்டில்தான். விமான நிலையத்து வைஃபையை நம்பி எதையும் தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் கிஃப்ட் பை. அது நிறைந்திருந்தால் ஸ்டாப்பைச் சுற்றினாலும் புதுக் கிஃப்ட் விழாது. ஊரில் சேர்த்த பிள்ளையார்பட்டி, குன்றக்குடி கிஃப்டுகளை முந்தின நாளே நண்பர்களுக்கு அனுப்பிக் காலி செய்யுங்கள். சிங்கப்பூர் போய் இறங்கிய பிறகு பை நிறைய ஊர்க் கிஃப்ட் இருந்தால், போன காரியம் பாதி கெட்டது.

அடுத்து பொருள் பை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுற்றினால் நூற்றுக்கு மேல் பொருள் சேரும். தேவையில்லாத போஷன், நானாப் பழம் எல்லாவற்றையும் தள்ளி, குறைந்தது 150 இடமாவது விடுங்கள். போக்கிமான் பெட்டியிலும் அப்படியே.

விளையாட்டின் அமைப்புகளுக்குள் மேம்பட்ட அமைப்புகள் பகுதியில் எல்லாப் படக் கோப்புகளையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. வீட்டு வைஃபையில் அதை ஓட விடுங்கள். செய்யாவிட்டால் ஒவ்வொரு புதுப் போக்கிமானுக்கும் டேட்டா இழுத்து, பலவீனமான சிக்னலில் திரை உறைந்து நிற்கும்.

கடைசியாக லாகின். வெளிநாட்டில் சிம் மாற்றியதும் கூகுள் உங்களைச் சந்தேகப்பட்டு இந்திய எண்ணுக்கு ஓடிபி அனுப்பினால் மாட்டிக்கொள்வீர்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பேக்கப் குறியீடுகளை எடுத்துத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பயணத்தின் நடுவே விளையாட்டிலிருந்து லாக்அவுட் செய்யாமல் இருப்பது அதைவிட நல்லது.

காரைக்குடியிலிருந்து திருச்சி போகும் வழியில் ஆடலாமா?

சுமார் 85 கிலோமீட்டர். திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழி. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் திருச்சி நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. ஓடும் காரில் ஸ்டாப் சரியாக வேலை செய்யாது: வேகம் கூடினால் பொருள் தராது, "நான் பயணிதான்" என்று உறுதி கேட்கும் அறிவிப்பும் வந்து நிற்கும். நடந்து பொரிக்க வேண்டிய முட்டைக்கான தூரம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டருக்கு மேல் போனாலே சேராது. டீக்கு நிறுத்தும் இடத்தில் ஐந்து நிமிடம் ஆடலாம். ஓட்டுகிறவர் போனைத் தொடவே கூடாது. மற்றபடி பேட்டரியை மிச்சம் பிடியுங்கள்.

வழியனுப்ப வந்தவர்கள் வெளியே நின்று ஆட முடியுமா?

ஒருவர் பயணத்துக்கு வேன் நிறைய ஆள் போவது நம் பக்கத்து வழக்கம்தானே. டிக்கெட் இல்லாமல் டெர்மினலுக்குள் விடமாட்டார்கள். ஆனால் ஸ்டாப்பின் எல்லை 80 மீட்டர். ஆகவே சுவருக்கு உள்ளே இருக்கும் ஸ்டாப் சில வெளி நடைபாதையிலிருந்தே எட்டும். வாகனம் வந்து நிற்கும் இடத்தில் குனிந்த தலையோடு நடக்காதீர்கள். ஆச்சியின் பெட்டியைத் தனியாக விட்டுவிட்டு நகரவும் கூடாது. ஆளில்லாப் பெட்டியைப் பாதுகாப்புப் படையினர் வேறு மாதிரிதான் பார்ப்பார்கள்.

உள்ளே போனபின் ஆட எவ்வளவு நேரம் மிஞ்சும்?

பன்னாட்டு விமானங்களுக்கு செக்-இன் கவுண்டர் வழக்கமாக மூன்று மணி நேரம் முன்பு திறந்து ஒரு மணி நேரம் முன்பு மூடும். செக்-இன், குடியேற்றம், பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடித்து உட்கார்ந்தால் உண்மையில் கையில் நிற்பது முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். வரிசையில் நிற்கும்போது ஆடுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குடியேற்றக் கவுண்டர் பகுதியில் போன் பயன்படுத்தவே தடை.

போர்டிங் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு போனில் அலாரம் வையுங்கள். விளையாட்டுச் சத்தத்தை அணைத்துவிடுங்கள், இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். சென்னை மாதிரி அறிவிப்புகளைக் குறைத்துவிட்ட விமான நிலையங்களில் பலகையைப் பார்த்தால்தான் கேட் மாறியது தெரியும்.

எந்த இடத்தில் உட்காருவது நல்லது?

வரைபடத்தைத் திறந்து, ஒரே நேரத்தில் இரண்டு ஸ்டாப் எட்டும் இடத்தைத் தேடுங்கள். ஒரு ஸ்டாப்பைச் சுற்றினால் 5 நிமிடம் கழித்துத்தான் மறுபடி சுற்ற முடியும். இரண்டு ஸ்டாப் என்றால் மணிக்கு 24 சுற்று. இதுதான் காத்திருப்பின் உண்மையான வரவு. கிராமத்தில் ஒரே ஒரு கோயில் ஸ்டாப்பை வைத்து ஆடுகிறவருக்கு இது பெரிய அறுவடை.

அந்த இரண்டு வட்டமும் வெட்டும் இடத்தில் கண்ணாடிச் சுவரை ஒட்டிய இருக்கையாகப் பாருங்கள். அதன் பிறகுதான் சார்ஜிங் பாயின்ட். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சார்ஜரைத் தேடித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஜிபிஎஸ் வரவில்லை என்பார்கள்.

உட்கார்ந்த இடத்தில் இருந்தாலும் திரையில் ஆள் அங்குமிங்கும் ஓடுகிறதே, ஏன்?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சிக்னல் மிக மெலிந்தது. உலோகக் கூரை அதைத் தடுக்கும். கண்ணாடியிலும் எஃகிலும் நிறுத்தி வைத்த விமானங்களிலும் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் கூடுதல் தூரம் பயணித்திருப்பதால் போன் தன் இடத்தைத் தவறாகக் கணக்கிடும். திருச்சியின் புதிய டெர்மினல் (2024 ஜூன் 11 முதல் செயல்பாட்டில் உள்ளது) சுமார் 75,000 சதுர மீட்டர் கட்டடம்; நடுக்கூடத்தில் நின்றால் வானம் எந்தப் பக்கமும் அருகில் இல்லை. அப்போது போன் வைஃபை, செல்கோபுரம் இரண்டையும் வைத்து உத்தேசமாக இடத்தைச் சொல்லும். அந்த உத்தேசம் மாறும்போதெல்லாம் உங்கள் ஆள் ஓடுபாதையில் போய் நிற்பார்.

செய்ய வேண்டியது: ஆண்ட்ராய்டில் இருப்பிட அமைப்பில் "கூகுள் இருப்பிடத் துல்லியம்" என்பதை இயக்குங்கள். வைஃபையோடு இணையாவிட்டாலும் வைஃபை ஸ்கேனிங் இயங்கட்டும். ஐபோனில் இந்தச் செயலிக்குத் "துல்லியமான இருப்பிடம்" அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கண்ணாடிப் பக்கம் போய் இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். உலோகத் தகடு வைத்த கவரும் காந்தக் கவரும் இருந்தால் கழற்றுங்கள்.

ஆள் தானாக ஓடுவதால் முட்டைத் தூரம் கொஞ்சம் கூடும் என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. கூடும்தான். ஆனால் அதே ஓட்டம் உங்களை ஸ்டாப் வட்டத்துக்கு வெளியே தள்ளும். லூர் (ஸ்டாப்புக்குப் போக்கிமானை வரவழைக்கும் பொருள்) போட்டிருந்தால் அதுவும் வீண்.

பிழை 11, பிழை 12 என்று வருவது எதனால்?

11 என்றால் ஜிபிஎஸ் சிக்னல் கிடைக்கவில்லை. மேலே சொன்னதைச் செய்தால் போதும். 12 என்றால் இருப்பிடத்தையே கண்டறிய முடியவில்லை. ஆண்ட்ராய்டில் டெவலப்பர் அமைப்பில் போலி இருப்பிடச் செயலி ஏதாவது தேர்வாகியிருந்தாலும் இது வரும். வேலை நிமித்தம் அப்படிச் செயலி வைத்திருப்பவர்கள் அதை நீக்கிவிட்டுப் போனை மறுபடி இயக்குங்கள்.

விமான நிலைய ஜிம்மில் போக்கிமானை வைக்கலாமா? ரெய்டு?

ஜிம்மில் 10 நிமிடத்துக்கு ஒரு நாணயம்; ஒரு நாளைக்கு 50 தான் உச்சம். அதாவது 8 மணி 20 நிமிடம் நின்றால் போதும். சிக்கல் என்னவென்றால், உங்கள் போக்கிமான் தோற்று வீடு திரும்பினால்தான் நாணயம் கையில் வரும். பாதுகாப்புச் சோதனைக்கு உள்ளே இருக்கும் ஜிம்மைத் தாக்க ஆளே வராமல் போகலாம். போக்கிமான் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அதுவரை அதை மாற்றிக்கொள்ளவும் முடியாது, ரெய்டுக்கு எடுக்கவும் முடியாது. ஜிம் பதக்கத்துக்காக ஆசைப்பட்டால் பிளிஸி என்ற போக்கிமானையோ, கையில் நாலைந்து இருக்கும் வேறொன்றையோ வையுங்கள். இருப்பதிலேயே சிறந்ததை வைத்துவிட்டு ஊர் திரும்பிப் புலம்புவதில் பயனில்லை.

ரெய்டு பகலில்தான் வரும். திருச்சியிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகிறவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது. பகல் விமானம் என்றால் கடினம் குறைந்த 1 நட்சத்திர, 3 நட்சத்திர ரெய்டுகளைத் தனியாக முடிக்கலாம். 5 நட்சத்திரத்துக்கு ஆள் சேர்ப்பதற்குள் போர்டிங் அழைத்துவிடுவார்கள்.

லூரா, இன்சென்ஸா?

உட்கார்ந்தே இருக்கப் போகிறீர்கள் என்றால் லூர். 30 நிமிடம் நிற்கும், பக்கத்தில் ஆடுகிற யாருக்கும் பயன்படும். இன்சென்ஸ் (உங்களை நோக்கிப் போக்கிமானை வரவழைக்கும் பொருள்) ஒரு மணி நேரம் ஓடும்; ஆனால் அசையாமல் இருந்தால் 5 நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும், நடந்தால் நிமிடத்துக்கு ஒன்று. தினமும் இலவசமாகக் கிடைக்கும் 15 நிமிட இன்சென்ஸும் நடந்தால்தான் பலன் தரும். கேட்களுக்கு இடையே நீளமாக நடக்கும் நேரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். சோதனை வரிசையில் நிற்கும்போது இன்சென்ஸ் போடுவது காசைக் கரைப்பது.

நடந்து முட்டை பொரிக்க முடியுமா?

முடியும், ஆனால் அட்வெஞ்சர் சிங்க் (விளையாட்டு மூடியிருந்தாலும் நடையைக் கணக்கெடுக்கும் வசதி) என்பதை இயக்கிவிட்டுப் போனைப் பையில் போட்டுவிட்டு நடங்கள். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் தூரத்தைவிடக் காலடி எண்ணிக்கை நம்பகமானது, பேட்டரியும் மிச்சம். நகரும் நடைபாதையில் சும்மா நின்றுகொண்டு போனால் காலடி சேராது. 2 கிலோமீட்டர் முட்டையை ஒரு காத்திருப்பில் பொரிக்கலாம். 10 கிலோமீட்டர் முட்டையைப் போட்டு வைப்பது ஊர் சுற்றிப் பார்க்கும் நாளுக்குத்தான் சரி. 5, 25, 50 கிலோமீட்டர் வாரப் பரிசுகள் திங்கள் காலை கணக்கு முடிவதால், ஞாயிறு இரவுப் பயணம் என்றால் குறைந்ததை விமான நிலையத்தில் நடந்தே ஈடுகட்டலாம்.

பேட்டரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. பவர் பேங்க் எவ்வளவு பெரியது கொண்டு போகலாம்?

திரை, ஜிபிஎஸ், டேட்டா மூன்றும் ஒன்றாக ஓடுவதால்தான் இந்தச் செலவு. விளையாட்டுக்குள் இருக்கும் பேட்டரி சேமிப்பை இயக்குங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் திரை இருண்டுவிடும். ஏஆர் (கேமராக் காட்சியின் மேல் போக்கிமானைக் காட்டும் வசதி) அணைந்திருக்கட்டும், வெளிச்சம் பாதி போதும். சார்ஜ் போட்டபடியே ஆடினால் போன் சூடாகி, திரை தானாக மங்கி, சார்ஜும் மெதுவாகிவிடும். கவரைக் கழற்றி வைத்து, இருபது நிமிடம் ஆடிவிட்டுப் பத்து நிமிடம் ஆற விடுவதே வேகமான வழி.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எல்லை 100 வாட்-அவர். பவர் பேங்கின் மேல் மில்லி ஆம்பியர்-அவர் (mAh) கணக்கு மட்டும் இருந்தால் அதை 1,000 ஆல் வகுத்து 3.7 ஆல் பெருக்குங்கள்: 10,000 என்றால் 37 வாட்-அவர், 20,000 என்றால் 74, 27,000 என்றால் ஏறக்குறைய 100. 100 முதல் 160 வாட்-அவர் வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்க் எத்தனை சிறியதாக இருந்தாலும் சோதனையில் பிடுங்கப்படலாம். 20,000 வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டியதில்லை.

விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவது வேறு கதை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கால் சார்ஜ் போடுவதையும் பவர் பேங்குக்குச் சார்ஜ் ஏற்றுவதையும் தடை செய்துவிட்டன. வேறு நிறுவனங்களும் இதே வழியில் போகின்றன. எனவே ஏறுவதற்கு முன்பே போனை நிரப்பிக்கொள்ளுங்கள். இறங்கும்போது 15 சதவீதத்தோடு இறங்கினால் வருகை அட்டையைக் காட்டவே திண்டாட வேண்டியிருக்கும்.

ஏஆர் படம் எடுக்கலாமா?

உணவுக்கூடம், காத்திருப்பு இருக்கை போன்ற இடங்களில் பிரச்சினை இல்லை. குடியேற்றம், சுங்கம், பாதுகாப்புச் சோதனை இருக்கும் திசையில் கேமராவைத் திருப்பவே திருப்பாதீர்கள். நீங்கள் பிக்காச்சுவைத்தான் பார்த்தீர்கள் என்பது எதிரே நிற்கும் காவலருக்குத் தெரியாது.

விமானம் பறக்கும்போது ஆடலாமா? இறங்கியதும் எதுவும் பிடிபடவில்லை என்கிறார்களே?

ஏரோபிளேன் மோடிலும் பெரும்பாலான போன்கள் ஜிபிஎஸ்ஸை வாங்கும்; டேட்டா இல்லாததால் விளையாட்டு ஓடாது. விமான வைஃபை இருந்தாலும் அந்த வேகத்தில் ஸ்டாப் வேலை செய்யாது. விட்டுவிடுங்கள்.

இறங்கியதும் வரும் தொல்லைக்குக் காரணம் வேறு. ஓரிடத்தில் ஆடிவிட்டுக் குறுகிய நேரத்தில் வெகுதூரத்தில் ஆடினால் விளையாட்டு உங்களைச் சந்தேகப்பட்டு ஒதுக்கிவைக்கும்: ஸ்டாப் ஒன்றும் தராது, போக்கிமான் முதல் பந்திலேயே ஓடும். ஆடுகிறவர்கள் புழங்கும் கணக்குப்படி இது அதிகபட்சம் 2 மணி நேரம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கவே நாலு மணி நேரம் ஆவதால் முறையாகப் போகிறவருக்கு இது வரக் கூடாது. வருவது எப்படி என்றால், ஏறும்போது விளையாட்டைப் பின்னணியில் திறந்தே விட்டிருப்பீர்கள். இறங்கியதும் போன் இன்னும் திருச்சியைக் காட்டும். அவசரத்தில் ஒன்றைப் பிடிப்பீர்கள். பத்து நொடியில் இடம் சிங்கப்பூருக்குத் தாவும். விளையாட்டின் கண்ணுக்கு நீங்கள் பத்து நொடியில் 3,000 கிலோமீட்டர் பறந்தவர்.

சரியான வரிசை: ஏறுமுன் விளையாட்டை முழுதாக மூடுங்கள். இறங்கியபின் ஏரோபிளேன் மோடை நீக்கி, டேட்டா வந்ததும் கூகுள் மேப்ஸைத் திறந்து நீலப் புள்ளி சரியான இடத்துக்கு வரும்வரை பொறுங்கள். செயற்கைக்கோள் தன் பாதைத் தகவலை 30 நொடிக்கு ஒருமுறைதான் முழுதாக அனுப்பும். டேட்டா இருந்தால் போன் அதை இணையத்திலிருந்தே வாங்கிச் சீக்கிரம் இடம் பிடிக்கும். அதன் பிறகு விளையாட்டைத் திறங்கள்.

தினசரித் தொடர் அறுந்துவிடாமல் இருக்க?

நாள் என்பது நீங்கள் இருக்கும் ஊரின் நேரப்படி. சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. நமக்கு இரவு 9:30 ஆகும்போதே அங்கே நாள் முடிந்துவிடும். கிழக்கே போகும் நாளில் "அங்கே போய் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்" என்று இருக்காதீர்கள். காலையிலேயே வீட்டில் ஒரு பிடி, ஒரு சுற்று முடித்துவிடுங்கள். திரும்பி வரும்போது இரண்டரை மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பதால் கவலை இல்லை.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் எங்கே ஆடுவது? அதையொட்டிய ஜுவல் வணிக வளாகத்துக்குப் போக முடியுமா?

டெர்மினல் 1, 2, 3 மூன்றும் உள்ளேயே இணைந்தவை. நடந்தும் ஸ்கைட்ரெயினிலும் மாறலாம். டெர்மினல் 4 தனி. ஜிபிஎஸ் சுத்தமாகக் கிடைக்க வேண்டுமானால் டெர்மினல் 1 இன் கள்ளித் தோட்டமும் டெர்மினல் 2 இன் சூரியகாந்தித் தோட்டமும் மொட்டை மாடியில் திறந்த வானத்துக்குக் கீழே இருக்கின்றன. கூடத்துக்குள் அலைந்துகொண்டிருந்த ஆள் அங்கே போனதும் அடங்கிவிடுவார். பகல் வெயில் நம்மூர் வெயில்தான், கூடவே புழுக்கம். காலையிலோ மாலைக்கு மேலோ போங்கள்.

ஜுவல் 2019 இல் திறந்தது. 40 மீட்டர் உயர நீர்வீழ்ச்சியும், ஜப்பானுக்கு வெளியே நிரந்தரமாக அமைந்த போக்கிமான் சென்டர் கடையும் அங்கேதான். ஆனால் ஜுவல் குடியேற்றத்துக்கு வெளியே இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இடைநின்று மாறுகிறவர், விசாவோ இடைநிற்பவர்களுக்கான விசா விலக்குத் தகுதியோ இல்லாவிட்டால் கண்ணாடிக்கு இப்பால் நின்று ஏங்க வேண்டியதுதான். சிங்கப்பூருக்கே போகிறவருக்கு இடைஞ்சல் இல்லை: ஸ்கூட் இறங்கும் டெர்மினல் 1 இன் வருகைக் கூடத்திலிருந்தே நேராக நுழையலாம். பெட்டியை எடுத்துக்கொண்டு, அழைக்க வந்தவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கோலாலம்பூரில்?

ஏர்ஏசியா விமானங்களுக்கு டெர்மினல் 2. அதையொட்டிய பெரிய வணிக வளாகம் குடியேற்றத்துக்கு வெளியே இருப்பதால் வருகிறவர், போகிறவர் எல்லாரும் ஆடலாம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. காலவரையறை உள்ள சலுகை, டிக்கெட் போடும்போது நிலவரம் பாருங்கள். டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். டெர்மினல் 1 இன் துணைக் கட்டடத்துக்குப் போகிறவர்களுக்கு நடுவே மரங்களுக்கிடையில் திறந்த நடைபாதை ஒன்று உண்டு. ஜிபிஎஸ்ஸுக்கு அதுதான் நல்ல இடம்.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு அங்கிருந்து என்ன பயன்?

அஞ்சலட்டை. கிஃப்டைத் திறக்கும்போது வரும் அட்டையைப் பொருத்தி வைத்தால், அது கிளம்பிய பகுதிக்குரிய விவில்லான் (பகுதிக்கு ஒரு வகையாக வரும் போக்கிமான்) வகைக்குக் கணக்கு ஏறும். முதல் சந்திப்புக்கு அந்தப் பகுதியிலிருந்து 3 அட்டை வேண்டும். காரைக்குடியில் இருக்கும் நாலு பேர் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டால் எல்லாம் ஒரே வகைதான். எனவே பயணம் போகிறவர் சாங்கியில் சேர்க்கும் ஒவ்வொரு கிஃப்டும் ஊரில் மதிப்புள்ளது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான் அனுப்ப முடியும், முந்தையதை அவர் திறந்திருக்கவும் வேண்டும். ஆகவே போகும்போது ஒன்று, தங்கும் நாட்களில் தினம் ஒன்று என்று பிரித்து அனுப்புங்கள்.

அங்கே பிடித்ததை ஊரில் நண்பரோடு மாற்றிக்கொண்டால் கூடுதல் பலன் உண்டா?

உண்டு, இதற்காகத்தான் சாதாரணப் போக்கிமானையும் விடாமல் பிடிக்கச் சொல்கிறோம். மாற்றும் இரண்டும் பிடிபட்ட இடங்களுக்கு இடையே 10 கிலோமீட்டருக்குள் என்றால் 1 கேண்டி (போக்கிமானை வளர்க்க உதவும் பொருள்), 10 முதல் 100 வரை 2, 100க்கு மேல் 3. எக்ஸ்எல் கேண்டியும் உறுதி. காரைக்குடிக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்கும் குறைவு, ஆகவே 2 கேண்டிதான். சென்னை விமான நிலையத்தில் பிடித்தது என்றால் 3. சிங்கப்பூருக்கும் அதே 3 தான். ஆனால் தூரக் கணக்குப் பதக்கத்துக்கு ஒரே மாற்றில் சுமார் 3,000 கிலோமீட்டர் ஏறும்.

வழக்கமான மாற்றுக்கு இருவரும் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பிடித்ததற்கெல்லாம் அன்றே ஒரு குறிச்சொல் போட்டுவிடுங்கள், ஊர் வந்து தேடத் தேவையிருக்காது. ஒருமுறை மாற்றியதை மறுபடி மாற்ற முடியாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வருகிறார். அவரிடம் என்ன கேட்டு வாங்கலாம்?

சில போக்கிமான் சில பகுதிகளில் மட்டும்தான். நமக்கு டோர்கோல் தெருவில் கிடைக்கும். அமெரிக்காவிலிருந்து வருகிறவருக்கு அது அரிது, அவரிடம் டாரோஸ் இருக்கும். ஆஸ்திரேலியா என்றால் காங்காஸ்கான், ஐரோப்பா என்றால் மிஸ்டர் மைம், ஜப்பான் பக்கம் ஃபார்ஃபெட்ச்ட்.

செலவில்தான் சூட்சுமம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை வாங்க, நட்பு முதல் நிலையில் 20,000 ஸ்டார்டஸ்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் கையிருப்பு), இரண்டாம் நிலையில் 16,000, மூன்றாம் நிலையில் 1,600, நான்காம் நிலையில் 800. மூன்றாம் நிலைக்கு 30 நாள் கிஃப்ட் பரிமாற்றம் வேண்டும். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வருகிறவர் டிக்கெட் போட்டதும் அவருடைய 12 இலக்க நண்பர் எண்ணை வாங்கிவிடுங்கள். வந்து இறங்கிய அன்று நண்பராகச் சேர்த்தால் ஒரு மாற்றுக்கே கையிருப்பு தீரும்.

போலி ஜிபிஎஸ் போட்டு வீட்டிலிருந்தே சாங்கிக்குப் போனால்?

முதல்முறை எச்சரிக்கையும் ஒரு வாரக் கட்டுப்பாடும், இரண்டாவது முறை சுமார் ஒரு மாத முடக்கம், மூன்றாவது முறை கணக்கே போய்விடும். வேண்டாம்.

வேறு எந்த விளையாட்டு காத்திருப்புக்கு ஏற்றது?

மான்ஸ்டர் ஹண்டர் நவ்வில் ஒரு வேட்டைக்கு 75 நொடிதான். போர்டிங் அழைத்தாலும் நஷ்டமில்லை. பிக்மின் ப்ளூம் நடைக்கானது, திரையைப் பார்க்கவே வேண்டாம், பெரியவர்களுக்கும் பிடிக்கும்.

இன்கிரஸ், நிஜ இடங்களில் இருக்கும் போர்ட்டல் என்ற புள்ளிகளை லிங்க் போட்டு இணைக்கும் விளையாட்டு. அதை ஆடுகிறவர்கள், லிங்க் போடத் தேவையான விமான நிலையப் போர்ட்டலின் சாவிக்கு அலைவார்கள். ஒரு போர்ட்டலை 5 நிமிட இடைவெளியில் நாலு முறை ஹேக் செய்தால் (ஸ்டாப்பைச் சுற்றுவது போல, பொருள் எடுத்தால்) அது தீர்ந்துபோகும். 4 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி. அதனால் 20 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் லிங்க் போடும் கனவு சும்மா நடக்காது: 8 ஆம் நிலைப் போர்ட்டலுக்கே கூடுதல் கருவி இல்லாமல் எட்டுவது 655 கிலோமீட்டர்தான். சென்னைக்குத் தாராளமாக எட்டும்.

போக்கிமான் கோ, பிக்மின், மான்ஸ்டர் ஹண்டர் மூன்றும் 2025 இல் நயான்டிக் நிறுவனத்திடமிருந்து ஸ்கோப்லி நிறுவனத்துக்குக் கைமாறின, இன்கிரஸ் மாறவில்லை.

எங்கள் ஊரில் ஸ்டாப்பே இல்லை. புதிதாகக் கேட்கலாமா?

உயர்ந்த லெவல் எட்டிய ஆட்டக்காரர்கள் பரிந்துரைக்கலாம். செட்டிநாட்டு வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆள் வசிக்கும் தனியார் வீடு என்றால் நிராகரிப்பார்கள். அதே வீடு விடுதியாக மாறியிருந்தால் ஏற்க வாய்ப்புண்டு. பள்ளிக்கூடம், மருத்துவமனை அவசர வாயில், தீயணைப்பு நிலையம் ஆகாது. கோயில் கோபுரம், ஊருணிக் கரை மண்டபம், நூலகம், கல்வெட்டு, பூங்கா நல்லவை. ஒரு கோயிலுக்கு ஒன்று என்று நிறுத்தாமல் தேர் மண்டபத்தையும் ஊருணியையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆனால் இரண்டும் ஏறக்குறைய 70 மீட்டர் அளவுள்ள ஒரே வரைபடக் கட்டத்துக்குள் விழுந்தால் போக்கிமான் கோ விளையாட்டில் ஒன்றுதான் தெரியும். படம் பகல் வெளிச்சத்தில், ஆள் முகமோ வண்டி எண்ணோ விழாமல் எடுக்க வேண்டும். சுற்றுப்புறப் படம் ஒன்றும் சேர்த்து அனுப்ப வேண்டும்.